விலாக்களுக்கு நடுவே

பன்னிரண்டு கம்பி கிடாரில் கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். கம்பியை மீட்டும் சிறு வில்லையான பிக்கில் தடித்த ஒன்றால் வியாகுலம் மீட்டியபோது அது ஜோடியில் ஒன்றை மட்டும் அடித்து மற்றதை விட்டுவிட்டது. மெல்லிய பிக் இரண்டையும் தொட்டது. ஆனால் பாட்டைவிட அதன் சடசடப்புதான் பெரிதாகக் கேட்டது. கட்டிலில் தலையணைமேல் சாய்ந்திருந்த ஆக்னஸ் இரண்டுமே வேண்டாம் என்று தலையசைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து கோயிலில் அவர் வாசிக்க அவள் பாடி வந்தவள். ஒலி விஷயத்தில் அவள் சொன்னதே முடிவு.

"பிக்குக்கு எக்ஸ்ரேல ஒரு துண்டு வெட்டிப் பாருங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

அலமாரியில் அவளுடைய நெஞ்சு எக்ஸ்ரே படங்கள் இரண்டு இருந்தன. ஒன்று அவள் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்தது. மற்றது போன வாரம் எடுத்தது. அவர் புதியதில் கத்தரியை வைத்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

"அது வேண்டாங்க. அதுல நெஞ்செல்லாம் வெள்ளையா கெடக்கு. பழசுல வெட்டுங்க. கறுப்பா இருக்குல்ல, அதான் காத்து."

அவர் பழைய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே கறுப்பு அடர்ந்திருந்த இடத்தை வெட்டினார். ஓரத்தைச் சுவரில் தேய்த்து மழுக்கினார்.

மீட்டியதும் ஜோடிக் கம்பிகள் பிரியாமல் ஒலித்தன. ஆக்னஸ் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் பாடத் தொடங்கும் இடம் வந்தது. உதடு திறந்தது, நெஞ்சு ஏறி, பாதியில் நின்றது. வியாகுலம் நிமிர்ந்து பார்க்கவில்லை. தான்தான் இடம் தவறிவிட்டதைப்போல, கையை நிறுத்தாமல் முன்னிசையை முதலிலிருந்து மறுபடி வாசித்தார்.