கேஷியர் போகும் ஜிம்

கீழ்த்தளத்து கவுன்ட்டரில் தனியாக உட்காரும் கேஷியரின் தொப்பை காணாமல் போனதுதான் ஆபீஸில் அன்றைய பேச்சு. மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்தவரை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“ரகசியத்தைச் சொல்லுங்க சார்,” என்றாள் டைப்பிஸ்ட்.

கேஷியர் இல்லாத மீசையை முறுக்கினார்.

“பயிற்சி பாதி, சாப்பாடு பாதிம்மா. முன்னாடி ஒரு வாழைப்பழம், பின்னாடி அவிச்ச முட்டை. எல்லாத்தையும்விட முக்கியம் தண்ணி. நான் பாட்டிலைக் கீழ வைக்கிறதே இல்ல.”

காசு கட்டிச் சேர்ந்த ஜிம்மில் முதல் நாளே முதுகு பிடித்துக்கொண்டதைப் பற்றியோ, அதன்பின் பயிற்சியாளர் சொன்னவற்றில் வாய்க்கு வேலை தருவதை மட்டும் விடாமல் கடைப்பிடித்ததைப் பற்றியோ அவர் மூச்சு விடவில்லை.

“இப்ப எந்த ஜிம் சார்?”

“ரொம்ப தூரமில்ல, ஆனா ஏத்தமான வழி. ஒரு நாளைக்குப் பல தடவை போவேன். போகும்போது ஓட்டம், வரும்போது நிதானமான நடை.”

“கோச் இருக்காரா?”

“கோச் எதுக்கும்மா? வேகம் தானா வரும்!”

டைப்பிஸ்ட் பயபக்தியோடு தன் பாட்டிலையும் நிரப்பிக்கொண்டாள்.

அப்போது பிளம்பர் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

“சார், நல்ல சேதி! உங்க கவுன்ட்டர் பக்கத்து பாத்ரூமைச் சரி பண்ணிட்டேன். இனிமே அவசரத்துக்கு நீங்க பின்படிக்கட்டு வழியா மொட்டை மாடி டாய்லெட் வரைக்கும் ஓட வேண்டாம்.”

கேஷியர் பாட்டிலை மெல்லக் கீழே வைத்தார்.

“அடப்பாவி, என் ஜிம்மை இழுத்து மூடிட்டியேப்பா!”