வேண்டுதலுக்கு ஆள்

மற்றவர்களின் வேண்டுதலைத் தன் உடம்பால் நிறைவேற்றித் தருவதுதான் பூரணியின் வேலை. சிங்கப்பூரில் யாருக்கோ வேலை கிடைத்தால் இவள் மொட்டை போடுவாள். சென்னையில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்தால் இவள் அலகு குத்திக்கொள்வாள். மணிக்கட்டில் இருக்கும் பட்டை அவளுடைய வலியையும் பசியையும் அளந்து உடனே அவர்களுக்கு அனுப்பும். அவர்கள் கைகூப்பும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவார்கள்.

இப்போது அவள் மகள் தாமரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காய்ச்சல் இறங்கவே இல்லை.

"ஆத்தாகிட்ட ஏதாவது வேண்டிக்கயேன்," என்றான் கணவன் முத்தழகு.

"என்னத்தய்யா வேண்டிக்கிறது? தலமுடியப் போன வாரந்தான் குடுத்தேன். செவ்வாய், வெள்ளி விரதமெல்லாம் அடுத்தவங்க பேர்ல கெடக்கு. கோயிலச் சுத்தி உருளலாம்னா, உடம்பு மரத்துப்போயி வலிக்கவே மாட்டேங்குது."

முத்தழகு சற்று யோசித்தான். "அப்ப வேற ஆள் வச்சுப் பண்ணிரலாமா?"

பூரணிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. பட்டையைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த அம்மன் கோயிலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் நெற்றியில் குங்குமத்தோடு திரும்பி வந்து, மகளின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"புள்ள எந்திரிச்சா, ஒரு நாள் முழுக்க வந்து ஆத்தா எதிர்ல சும்மா உக்காந்திருக்கேன்னு."

"இதெல்லாம் ஒரு வேண்டுதலா?"

"இத மட்டுந்தான்யா இதுவரைக்கும் யாரும் எங்கிட்டக் கேக்கல."