சாவி இல்லாத ஜீப்

கயிறு தரையில் கிடந்தது.

'தொடாதீர்கள்' அட்டை குப்புற விழுந்திருந்தது. நடுவில் நிற்க வேண்டிய ஜீப்பைக் காணோம்.

ஜீப்பின் சொந்தக்காரர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். கையில் பிரியாணி வாசம்கூடப் போகவில்லை.

கண்காட்சிக்கு வந்த மற்ற பட்டாளத்து வண்டிகளெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றின் சாவிகள் சொந்தக்காரர்களின் பையில். சொந்தக்காரர்கள் பந்தியில்.

அவருடைய ஜீப்புக்குத்தான் சாவியே கிடையாது.

இரண்டாம் உலகப்போரில் ஓடிய வண்டி. ஒரு திருகு, காலுக்கடியில் ஒரு குமிழ். திருகி மிதித்தால் கிளம்பிவிடும். சாவி வைத்திருப்பவன் செத்துவிழுந்தால் மற்றவன் எப்படித் தப்பிப்பது, அதனால்தான் இப்படி என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் விளக்குவார்.

ஒரு பூட்டுப் போடுங்கள் என்று மனைவி தமயந்தி சொல்லாத நாளில்லை. எவனாவது ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகப்போகிறான், அப்புறம் தலையில் கைவைத்து என்ன பிரயோஜனம் என்பாள். அவர் கேட்டால்தானே. பூட்டுப் போட்டால் அசல் கெட்டுப்போகும். நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

அசல், அசல் என்று உயிரை விடுகிற மனிதர். ஒரு நட்டுக்காக ஊர் ஊராகப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தவர். பொள்ளாச்சியிலிருந்து குன்னூருக்கு ஜீப்பை லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார். மலையேறினால் வண்டிக்கு வலிக்குமாம்.

போருக்குப் போன வண்டி நம் வீட்டுக்கு வந்து புதுமாப்பிள்ளை ஆகிவிட்டது என்று தமயந்தி சிரிப்பாள்.

இப்போது போயே போய்விட்டது.

அவர் கத்தத் தொடங்கினார். காவலாளியைத் திட்டினார். ஏற்பாட்டாளர்களைத் திட்டினார். கடைசியில் தமயந்தியை. பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தானே போனேன், எங்கே போய்த் தொலைந்தாள்?

அப்போதுதான் அவளுடைய மடக்கு நாற்காலியைப் பார்த்தார்.

அது சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் அவள் செருப்பு.

ஒன்று மட்டும்.

சுண்டல் விற்கிற பெண் ஓடிவந்து சொன்னாள். அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார்களாம். வேர்த்துக் கொட்டியதாம். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்களாம். எந்த வண்டியிலும் சாவி இல்லை. பஞ்சுமிட்டாய்க்காரர்தான் கயிற்றை அறுத்தாராம். அம்மாவைத் தூக்கி ஜீப்பில் படுக்கவைத்து, தேயிலைக்காட்டுப் பாதை வழியாக ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனாராம்.

யாரோ அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார்கள்.

வழியெல்லாம் அந்தச் செருப்பு அவர் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் கோணலாக நின்றது. முன்பக்க மட்கார்டு தூணில் மோதி நசுங்கியிருந்தது. சக்கரமெல்லாம் சேறு. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அதைத் தாண்டி உள்ளே ஓடினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாரடைப்புதான், மருந்து கொடுத்தாயிற்று, பிழைத்துக்கொள்வார்கள் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்தவர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் பஞ்சுமிட்டாய்க்காரர் சவரியப்பன் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் அவர் ஓட்டியது சரக்கு ஆட்டோ ஒன்றுதான். இதற்கு ஸ்டியரிங்கே இடதுபக்கம். ஆனால் காலையிலிருந்து ஜீப்புக்குப் பக்கத்திலேயே நின்று வியாபாரம் செய்தவர். வருகிறவர்களுக்கெல்லாம் ஜீப்காரர் சொன்ன அந்த விளக்கத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்ததாம்.

அவரைக் கண்டதும் சவரியப்பன் எழுந்து கும்பிட்டார். மட்கார்டுக்காக மன்னிப்புக் கேட்டார்.

"கிளப்பறது எப்படின்னு நூறு தடவை சொன்னீங்க ஐயா. நிறுத்தறது எப்படின்னு ஒரு தடவைகூடச் சொல்லலையே."

அவர் அந்தக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சர்க்கரை பிசுபிசுத்தது. நல்லா இருக்கணும், நீங்க நல்லா இருக்கணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெட்கமில்லாமல் அழுதார்.

அடுத்த வருஷம். அதே மைதானம்.

ஜீப் மலையைத் தானே ஏறி வந்தது. முன்சீட்டில் தமயந்தி. வளைவுக்கு வளைவு அவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.

கயிறு கட்டவில்லை. அட்டையும் வைக்கவில்லை.

வண்டி துளி அழுக்கில்லாமல் பளபளத்தது. மட்கார்டு நசுங்கல் மட்டும் நசுங்கியபடியே இருந்தது.

நடுவர் குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தார். எந்தப் போரில் பட்டது என்று கேட்டார்.

ஒரு நட்டைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் பேசுகிறவர் அவர். வாயைத் திறந்தார். தமயந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்காகப் பட்டதுங்க" என்றாள் தமயந்தி.

நடுவருக்கு ஒன்றும் புரியவில்லை. எதையோ குறித்துக்கொண்டு நகர்ந்தார். மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார். குறைக்கட்டும்.

கூட்டம் வரத் தொடங்கியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆரம்பித்துவிட்டார் கதாகாலட்சேபத்தை என்றாள் தமயந்தி. பக்கத்தில் சவரியப்பன் பஞ்சுமிட்டாய் சுற்றிக்கொண்டே தலையாட்டினார்.

அவர் திருகைக் காட்டினார். குமிழைக் காட்டினார். கியரைக் காட்டினார்.

இந்த முறை, நிறுத்துவது எப்படி என்றும் சொன்னார்.