முதல் நடை விழா

இளம்பரிதி வீட்டில் தும்மல்கூட நாள்காட்டியைக் கேட்டுத்தான் வரும். சுவரில் இருந்தபடி எல்லோருடைய பொழுதையும் வகுத்துத் தருகிற அந்தக் கருவி, கைக்குழந்தை நறுமுகை வெள்ளிக்கிழமை முதலடி வைப்பாள் என்று எப்போதோ சொல்லிவிட்டது. மண்டபம் பிடித்தாயிற்று. தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தாயிற்று. தலைமை தாங்க வட்டச் செயலாளரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

புதன்கிழமை காலை, அடுப்படியில் ஃபிரிட்ஜைப் பிடித்து எழுந்த நறுமுகை கையை விட்டுவிட்டாள்.

"இன்று இந்த நிகழ்ச்சி இல்லை. குழந்தையை உட்கார வைக்கவும்" என்றது நாள்காட்டி.

இளம்பரிதி பதறி ஓடினான். "உக்காருடி கண்ணு! இன்னும் ரெண்டே நாள்தான்!"

"ஏங்க, புள்ள உங்களப் பாத்துதான் வருது" என்றாள் மனைவி வேணி. "இப்ப அமுக்கி உக்கார வச்சீங்க, அப்புறம் உங்ககிட்ட வரவே மாட்டா."

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. நாள்காட்டி மறுபடி எச்சரித்தது. இளம்பரிதி தரையில் உட்கார்ந்து கைகளை விரித்தான். நறுமுகை தள்ளாடித் தள்ளாடி வந்து அவன் மடியில் விழுந்தாள்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. நறுமுகை அப்பா தோளில் அயர்ந்து தூங்கினாள். வந்ததற்கு வட்டச் செயலாளர் மாலையும் கழுத்துமாக மேடையில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தார்.

"சார், பாப்பாவ எழுப்புங்க" என்றார் போட்டோகிராபர்.

இளம்பரிதி மேடையைக் காட்டினான். "தூங்கட்டும்பா. அவர எடுங்க, நல்லாத்தானே நடக்குறாரு!"