லைட்டை ஏன் போடல?

ஹால் நிறைஞ்ச கூட்டம். ஆனா ஓட்டுப் பெட்டியைத் திறந்தா, அடியில கொஞ்சம் சீட்டு ஒட்டிக்கிட்டுக் கிடக்குது.

"என்னடி இது, மத்தவங்க எல்லாம் ஆவியாப் போயிட்டாங்களா?"ன்னு டைரக்டர் அக்கா என்னைக் கேட்டாங்க. பேங்க்ல லீவு போட்டுட்டு வந்து இந்தப் பெட்டிக்குக் காவல் இருக்கிறது நான்தான்.

உலகப் பட விழாவுல தன்பாலினக் காதல் படங்களுக்குன்னு தனியா ஒரு பிரிவு. எந்தப் படத்துக்குப் பார்வையாளர் ஓட்டு அதிகமோ, அதுக்கு விருது. விருது வாங்குற படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவர ஒரு கம்பெனி தயாரா நிக்குது. இல்லேன்னா படம் பெட்டிக்குள்ளயே தூங்க வேண்டியதுதான். அக்கா இந்தப் படத்துக்காக வேலையை விட்டவங்க. அப்பா அம்மாவையும் விட்டவங்க.

யாரோ உள்குத்து பண்றாங்க. எனக்குச் சந்தேகம் தியேட்டர் மேனேஜர் மேலதான். முதல் நாளே போஸ்டரைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்ச மனுஷன். சிரிச்சா வரி போட்டுடுவாங்கன்னு பயந்த மாதிரியே இருப்பார். நாங்க வச்ச பேரு சிடுமூஞ்சி.

மத்த படம் முடிஞ்சா பளிச்சுன்னு லைட் வரும். இந்தப் பிரிவுப் படம்னா மட்டும் வராது. பேரெல்லாம் ஓடி முடிஞ்சு, திரை கறுப்பாகி, அதுக்கப்புறமும் கும்மிருட்டு.

"லைட்டை ஏன் சார் போடல?"

"சுவிட்சு மக்கர் பண்ணுது."

"பக்கத்து ஹால் படத்துக்கு மட்டும் பண்ணலையே?"

"அந்த சுவிட்சு வேற"ன்னுட்டு திரும்பிக்கூடப் பார்க்காமப் போயிட்டார். எப்படி இருக்கும் எனக்கு?

ரெண்டாவது ஷோவுல கண்கொத்திப் பாம்பா உட்கார்ந்திருந்தேன். படம் முடிஞ்சுது. இருட்டு. திரைக்குப் பக்கத்துல இருக்கிற சைடு கதவு சத்தமில்லாமத் திறந்துச்சு. ஆளுங்க ஒவ்வொருத்தரா தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளியே நழுவுறாங்க. கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு? சாட்சாத் சிடுமூஞ்சியேதான்! கையும் களவுமாச் சிக்கினார்.

அந்தக் கதவு பின்பக்கச் சந்துக்குப் போகுது. ஓட்டுப் பெட்டி இருக்கிறது முன்வாசல்ல. அப்புறம் ஓட்டு எங்கேர்ந்து விழும்?

ஓடிப் போய் அக்காகிட்ட வத்தி வச்சேன். அடுத்த நிமிஷம் ரெண்டு பேரும் மேனேஜர் ரூம்ல.

"எங்க படம்னா அவ்வளவு இளக்காரமா சார்? என் ஓட்டையெல்லாம் இருட்டுல பின்பக்கமா அனுப்பிட்டு இருக்கீங்க!"

மனுஷன் எழுந்திருக்கக்கூட இல்ல. "படம் எனக்குப் பிடிக்கலம்மா. அது வேற விஷயம்."

"அப்போ ஒத்துக்கிறீங்க?"

"முன்வாசல்ல டிவி கேமரா நிக்குதா?"

"விழான்னா நிக்கத்தானே செய்யும்?"

"போன வருஷமும் நின்னுச்சு. இதே மாதிரிப் படம் முடிஞ்ச கையோட லைட்டைப் போட்டேன். முன்வாசல் வழியா வெளியே வந்த ஒரு பையன் மூஞ்சி டிவியில வந்துடுச்சு. மறுநாள் அவங்க அப்பா வந்து என் சட்டையைப் பிடிச்சார். அப்புறம் அவங்க அம்மா வந்தாங்க. 'பிள்ளை வீட்டுக்கு வரல, இங்க வந்தானா'ன்னு கேட்டாங்க." கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "இன்னும் வந்து கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

எனக்குக் கோபம் வடிஞ்சுடுச்சு. ஆனா அக்கா இறங்கி வரல.

"அதுக்காகக் காலம் பூரா இருட்டுலயே வந்துட்டு இருட்டுலயே போகணுமா? நான் ஊரறிய வாழ்றவ சார். ஊரறியத்தான் படமும் எடுத்தேன். ஒளிஞ்சு பார்க்கிறவங்களுக்காக எடுக்கல. நாளைக்குப் படம் முடிஞ்ச உடனே லைட் வரணும். சைடு கதவுல இவ பெட்டியோட நிப்பா."

"இவ நின்னா அவங்க வருவாங்களாம்மா?"

"தைரியம் இருக்கிறவங்க வந்தாப் போதும்!"

விழா ஆபீஸ்லயும் அக்கா பக்கம்தான் பேசினாங்க. "சரிம்மா, உங்க இஷ்டம்"னு சொல்லிட்டார் மேனேஜர்.

மறுநாள் கடைசி ஷோ. படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பெட்டியைத் தூக்கிட்டுப் போய் சைடு கதவுல நின்னேன். மேனேஜர் சுவிட்சு பக்கத்துல உம்முன்னு நின்னார்.

அக்கா விறுவிறுன்னு வந்தாங்க. நேத்து இருந்த மிடுக்கைக் காணோம்.

"பெட்டியை முன்வாசலுக்கே எடுத்துட்டுப் போ."

"அக்கா! கடைசி ஷோ இது. ஓட்டெல்லாம் சந்து வழியாப் போயிடும். விருது கைவிட்டுப் போயிடும்!"

"போனாப் போகட்டும். சொன்னதைச் செய்டி."

நான் அசையல. அக்கா என்னைத் தாண்டி மேனேஜர்கிட்ட போனாங்க.

"சார்... இன்னைக்கும் லைட்டை லேட்டாவே போடுங்க. இந்தக் கதவுப் பக்கமா உட்கார ஒரு இடமும் வேணும்."

சிடுமூஞ்சி விடுவாரா? "யாருக்கும்மா? தைரியம் இருக்கிறவங்க வந்தாப் போதும்னீங்களே?"

அக்கா சுத்திமுத்தும் பார்த்துக்கிட்டாங்க. யாருக்கும் கேட்டுடக் கூடாதேன்னு அவர் காதுகிட்ட போய்ச் சொன்னாங்க.

"என்கூட வாழ்றவ வர்றா சார். ஸ்கூல் டீச்சர்."