ஒன்றுபோல் இன்னொன்று

"ஐயா, இது அசல்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

நாணயக் கண்காட்சிக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். பல்லை அச்செடுத்து வார்ப்பது பிழைப்பு. நீட்டிய உள்ளங்கையில் அப்பாவின் வெள்ளிக் காசு இருந்தது.

மேசைமேல் காட்சிப் பெட்டியோடு, பின்னால் 'காசுப்புலி' என்று ஊரே சொல்லும் நிபுணர். முகலாயர் காலத்துச் செப்பு, வெள்ளிக் காசுகளை மோந்து பார்த்தே வயது சொல்வார் என்று பேர்.

அப்பா உயிராக வைத்திருந்த காசைப் பரிசோதிக்க வாங்கிப்போய், "போலி" என்று நண்பர்கள் முன்னால் திருப்பிக் கொடுத்தவரும் அவர்தான். அன்றிலிருந்து அப்பாவுக்கு 'டூப்ளிகேட்' என்று பட்டப்பெயர். அந்தப் பெயரோடுதான் போய்ச் சேர்ந்தார்.

"அப்பனுக்குச் சொன்னதுதாம்மா உனக்கும். போலி. போய் வேலையைப் பாரு."

"உங்க பெட்டியில நடுவுல இருக்கே, அது மட்டும் அசலாக்கும்?"

புலிக்குச் சுருக்கென்றது. "என்ன பேச்சு பேசறே? எங்க தாத்தா சொத்து அது! மூணு தலைமுறையா எங்க வீட்டை விட்டு வெளியே போனதில்ல. இன்னிக்குத்தான் முதல்முதலா வெளியே எடுத்திருக்கேன்!"

பரிசுக்குக் காசு தேர்ந்தெடுக்க வந்த நடுவர் அம்மாள் சத்தம் கேட்டு வந்தார். இரண்டு காசையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லென்ஸைக் கண்ணில் வைத்தார். முகம் மாறியது.

"இதெல்லாம் ஒவ்வொண்ணா கையால சுத்தியல் வச்சு அடிச்ச காசு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. இங்க ரெண்டுலயும் அதே எழுத்து, அதே இடத்துல அறுபட்டிருக்கு. ஓரத்துக் கீறல்கூட அச்சு அசல். ரெண்டுமே போலியோ என்னவோ!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பாவின் பழைய நண்பர்களும் அங்கேதான் நின்றிருந்தார்கள். புலிக்கு வியர்த்துக் கொட்டியது.

"என்னோடது அசல்மா! இவளோடதுதான் இதுல அச்செடுத்து வார்த்தது. ஓரத்துல அச்சு ரெண்டும் சேர்ந்த இணைப்புக் கோடு தெரியுது பாருங்க!"

நடுவர் மறுபடி குனிந்தார். விளிம்பை விரலால் தடவினார்.

"ஆமா, கோடு இருக்கு. உங்களது அசல்தான். இந்தப் பொண்ணோடது, சந்தேகமே இல்ல, உங்க காசுல அச்செடுத்ததுதான்."

போன உயிர் திரும்பிய புலி, அவளைப் பார்த்து இளித்தார். "இப்பவாவது மண்டையில ஏறிச்சா?"

"ஏறிச்சுங்க" என்றாள். கெஞ்சல் குரல் போன இடம் தெரியவில்லை. அப்பாவின் நண்பர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"வீட்டை விட்டே போகாத காசுல, அச்செடுத்தது யாருங்க?"