அரைக் கிலோ பார்சல்

"தண்டனையே விதிக்காத ஆளை எப்படீங்க புடிச்சு அனுப்புவாங்க?"

அத்தாயி கேட்டதும் வக்கீல் சூசைமாணிக்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சனிக்கிழமைதோறும் சேலத்திலிருந்து மலையேறி, ஒண்டிக்கடை முக்கில் ஒரு மாடி அறையில் உட்காருவது அவர் வழக்கம். வேலித் தகராறும் பாகப்பிரிவினையும்தான் தேடி வரும். வெளிநாட்டு வழக்கு இதுதான் முதல்.

"தாராளமா அனுப்பலாம்மா. தப்பி வந்தவனை ஒப்படைக்க ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. அது தண்டனை வாங்கினவனுக்கு மட்டும்தான்னு யார் சொன்னது?"

"எங்கூட்டுக்காரருதானுங்க. கோர்ட்டுப் படியே மிதிக்கலை, என்னைய என்ன பண்ணிருவாங்கன்னு வாய் மட்டும் பேசுதுங்க. ஜீப்புச் சத்தம் கேட்டா மொளகுக் கொடிக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கறாரு. மாரமங்கலத்துல தோட்டத்தை உட்டு வெளிய வந்தே ரெண்டு வருசமாச்சுங்க. பெத்த புள்ளைக்குக் காது குத்துனப்பக்கூட வரலை. இப்ப ஸ்டேசன்ல இருந்து வேற ஆளு வந்து விசாரிச்சு, இந்தக் காகிதத்தையும் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

அவள் நீட்டிய காகிதத்தை வக்கீல் நிதானமாகப் படித்தார். அவள் புருஷன் மூக்கன் வளைகுடா நாட்டில் கட்டட வேலை பார்த்தவன். ஊரிலிருந்து அவன் பேருக்குப் போன பார்சலைச் சுங்கத்தில் பிடித்திருக்கிறார்கள். போலீஸ் தேடி வருவதற்குள் ஆள் விமானம் ஏறிவிட்டான். 'தடை செய்யப்பட்ட போதைப் பொருள், அரைக் கிலோ' என்று இருந்தது.

அரைக் கிலோவா! வக்கீல் அந்த வரியை மறுபடி படித்தார்.

"இதப் பாரும்மா. குற்றம் சாட்டி வாரண்ட் போட்டிருந்தாலே போதும். தண்டனை ஆகலைன்னா, அந்த நாட்டுக்காரங்க ஆதாரத்தையும் சேர்த்து அனுப்பணும், அவ்வளவுதான். இங்க மாஜிஸ்திரேட் பார்த்து, வழக்குல விஷயம் இருக்குன்னா அனுப்பச் சொல்லிடுவார்."

"தப்பிக்க ஒரு வழியும் இல்லீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. அங்க குற்றமா இருக்கிறது இங்கயும் குற்றமா இருக்கணும். இல்லேன்னா ஆளை அனுப்ப முடியாது. ஆனா போதைப் பொருளாச்சேம்மா! அதை எந்த நாட்டுல விடுவாங்க?"

அத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு மேல தப்பில்லீங்க. பார்சலைக் கட்டி அனுப்புனதே நாந்தானுங்க."

வக்கீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, செய்திருக்கிற காரியத்தைப் பார்! அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

"கட்டின பொண்டாட்டி செய்யற வேலையா இது? எந்தப் பாவி உனக்கு அந்தச் சரக்கைக் கொடுத்தான்?"

"நம்ம மளிகைக் கடையிலதானுங்க வாங்குனேன். வாய்க்கு ருசியாத் தின்னு ஆறு மாசமாச்சுன்னு போனுல நொம்ப அழுதாருங்க. தேங்காயோட அரைச்சுக் கோழிக் கொழம்புல ஊத்திக்கட்டும்னு அரைக் கிலோ கசகசா அனுப்புனேன். அதைப் போயி அந்த ஊருல போதைப் பொருளுங்கறாங்களே, இது நாயமுங்களா?"

சூசைமாணிக்கம் காகிதத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார். "உன் புருஷனை அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி, பட்டப்பகல்ல என்னை வந்து பார்க்கச் சொல்லும்மா!"